வீட்டுப் பத்திரத்தில் ஒரு ஷரத்து: எங்கள் குழு அடுத்து என்ன செய்வது?

மிசிசிப்பிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மினியாபொலிஸை ஒட்டிய ஒரு புறநகரில் இருக்கிறோம், வந்து 11 வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே காத்திருக்கும் பெற்றோர்கள் 14 பேர், போன வருஷத்திலிருந்து ஒன்றாக உட்கார்ந்து நிறவெறியைப் பற்றிப் படிக்கிறோம், பேசுகிறோம். இதை ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு ஏழு வயதுப் பையன். வகுப்பு முடிந்து வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் கூடைப்பந்து ஆடிய இன்னொரு பையனைக் காட்டி, 'அம்மா, அந்தக் கருப்பன் பந்து தர மாட்டேங்கிறான்' என்று தமிழில் சத்தமாகச் சொன்னான். அந்தப் பையனுக்குப் புரியவில்லை, சிரித்தான். நின்றிருந்த எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. எங்கள் பிள்ளைகள் தமிழ் கேட்பது எங்கள் வீடுகளில்தான். அந்தச் சொல்லையும், சொல்லும்போது உதட்டைச் சுழித்த விதத்தையும் எங்களிடமிருந்துதான் அவன் எடுத்திருக்கிறான்.

கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட 38-வது தெரு, சிக்காகோ அவென்யூ முனை எங்கள் வீட்டிலிருந்து காரில் 20 நிமிடம். 2020 மே 25. ஒரு போலீஸ்காரர் 9 நிமிடம் 29 விநாடி அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். அந்த வாரம் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, இரண்டு மூட்டை அரிசி வாங்கிப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினோம், எந்தக் கடை எரிகிறது என்று வாட்ஸாப்பில் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே வாரத்தில் லேக் தெருவை ஒட்டி இருந்த காந்தி மஹால் என்ற உணவகம் எரிந்தது, அதன் உரிமையாளர் வங்கதேசத்துக்காரர். என் கட்டடம் எரியட்டும், நீதி கிடைத்தாக வேண்டும் என்று அவர் சொன்னது செய்தியில் வந்தது. அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனவள் நான். நாலு வருஷம் கழித்து குழுவில் அதைத் திரும்பப் படித்தபோது வாய் திறக்க முடியவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்பு குழுவில் ஒரு தோழி தன் வீட்டின் பழைய பத்திரத்தைத் தேடி எடுத்து வந்தாள். ஊரில் வீடு வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், மூலப்பத்திரம் கேட்போம். இங்கே அதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பார்த்துவிடுவதால் நாம் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொள்வதோடு சரி. 1941-ல் தட்டச்சு செய்த தாள். சாலையிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், இவ்வளவு டாலருக்குக் குறைந்த வீடு கட்டக் கூடாது, கோழி வளர்க்கக் கூடாது என்று வரிசையாக ஷரத்துகள். அவற்றுக்கு நடுவில், அதே எழுத்தில், அதே இடைவெளி விட்டு, காக்கேசிய இனத்தவர் (அதாவது வெள்ளையர்) அல்லாத எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் நீங்கலாக என்று இருந்தது. நாங்கள் அதை அவள் சமையலறை மேசையில் வைத்துப் படித்தோம். போட்ட டீ ஆடை கட்டிப்போனது, யாரும் எடுக்கவில்லை. 'வேலைக்காரர்கள் நீங்கலாக' என்ற இடத்தை அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஷரத்துகள் இப்போது செல்லாது, அது தெரியும். 1948-ல் உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் எந்த நீதிமன்றமும் இவற்றை அமல்படுத்தக் கூடாது என்றது. 1953-ல் மின்னசோட்டா புதிதாக எழுதுவதைத் தடை செய்தது. 1968-ல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் நாடு முழுக்க வந்தது. செல்லாவிட்டாலும் தாளில் இருக்கிறது. இதை நீக்க விண்ணப்பிக்கலாம் என்றார்கள், செய்யப் போகிறோம். அதற்குப் பிறகு? குழுவில் பாதிப் பேர் இதோடு போதும், ஒரு நல்ல காரியம் செய்தோம் என்கிறார்கள். மீதிப் பேருக்கு இது ஆரம்பம்கூட இல்லை என்று படுகிறது, எனக்கும் அப்படித்தான். ஆனால் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. இதுபோல் ஏதாவது செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய_வில்லங்கம் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் பால். எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து இதைச் செய்தோம், அதில் தமிழர் நான் ஒருவன்தான்.

முதலில் வேலை விவரம். 2019-ல் மின்னசோட்டாவில் வந்த சட்டப்படி வீட்டு உரிமையாளர் ஒரு படிவம் பதிவு செய்து அந்த ஷரத்தை ரத்து செய்துகொள்ளலாம். பழைய தாளை யாரும் கிழிப்பதில்லை, அது அங்கேயே இருக்கும், அதன் மேல் உங்கள் மறுப்பு ஏறும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது, அழித்துவிட்டால் நடந்ததே இல்லை என்று பேரப்பிள்ளைகள் காலத்தில் சொல்லிவிடுவார்கள். ஜஸ்ட் டீட்ஸ் என்ற கூட்டமைப்பில் பல நகராட்சிகள் சேர்ந்திருக்கின்றன, வக்கீல்கள் தன்னார்வமாகச் செய்து தருகிறார்கள். உங்கள் நகராட்சி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், சேரச் சொல்லி நகரசபையில் போய்ப் பேசுவதே உங்கள் குழுவுக்கு ஒரு நல்ல வேலை. பதினான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தால் நகரசபை கவனிக்கும்.

இந்த ஷரத்துகள் எங்கெங்கே இருந்தன என்று கண்டுபிடித்தது மேப்பிங் பிரெஜுடிஸ் என்ற மின்னசோட்டா பல்கலைக்கழகத் திட்டம், 2016-ல் ஆரம்பித்தார்கள். கணினி சந்தேகப்பட்டு எடுத்துக்கொடுக்கும் பத்திரங்களை மனிதர்கள் படித்து உறுதி செய்ய வேண்டும், ஒரே பத்திரத்தைப் பல பேர் படிப்பார்கள். ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் இப்படிப் படித்துக்கொடுத்துத்தான் மினியாபொலிஸ் நகரத்துக்குள் மட்டும் 8000-க்கு மேல் கிடைத்தன. நானும் ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தேன், தினம் ராத்திரி அரை மணி நேரம். முதல் பத்துப் பத்திரத்தில் கோபம் வரும். நாற்பது தாண்டியதும் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, இது யாரோ ஒரு கெட்ட மனிதர் எழுதியது இல்லை, அச்சடித்த படிவம் மாதிரி வியாபாரமாக நடந்திருக்கிறது என்று உறைக்கும். வீட்டுமனை போட்டு விற்றவர்கள் இதையே விளம்பரமாகச் சொல்லி விற்றார்கள். மினியாபொலிஸை ஒட்டிய எடைனாவில் 1924-ல் தொடங்கிய கன்ட்ரி கிளப் பகுதியைப் பற்றிப் படியுங்கள்.

ஷரத்து எழுதாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் குழுவில் பேசுங்கள். 1931-ல் ஆர்தர் லீ, எடித் லீ தம்பதி கொலம்பஸ் அவென்யூவில் 46-வது தெரு முனையில் ஒரு வீடு வாங்கினார்கள். அவர் தபால் துறையில் வேலை பார்த்தவர், முதல் உலகப் போரில் பிரான்சில் சண்டை போட்டவர். ஆயிரக்கணக்கான பேர் ராத்திரி ராத்திரி வந்து அந்தச் சின்ன வீட்டைச் சூழ்ந்துகொண்டு கல்லெறிந்தார்கள், வீட்டை விற்றுவிட்டுப் போ என்றார்கள். அவருக்காக நின்றவர் லீனா ஆலிவ் ஸ்மித், மின்னசோட்டாவின் முதல் கறுப்பினப் பெண் வக்கீல். அந்த வீடு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று, இவ்வளவு சின்ன முற்றத்தையா அத்தனை பேர் சூழ்ந்தார்கள் என்று என் மகள் கேட்டாள்.

அப்புறம் ராண்டோ. செயின்ட் பாலில் கறுப்பின மக்கள் வேறு எங்கும் வாங்க முடியாமல் சேர்ந்து வாழ்ந்து, கடை, சர்ச், சங்கம் எல்லாம் கட்டி எழுப்பிய பகுதி. 1956-க்கும் 1968-க்கும் நடுவில் ஐ-94 நெடுஞ்சாலையை அதன் நடுவயிற்றில் கொண்டுபோனார்கள், 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை இழந்தன. நான் தினம் வேலைக்குப் போவது அந்தச் சாலையில்தான். ஜூலையில் ராண்டோ டேஸ் நடக்கும், 1983-லிருந்து நடக்கிறது. உங்கள் குழு முதலில் அங்கே போகட்டும். பேனர், மைக், பேச்சு எதுவும் வேண்டாம். போய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

---

நேர்ப்பேச்சு எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்சாஸில் இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் 12 வருஷமாக நிற்கிறேன், வேலை போனால் 60 நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். போன மாதம் பெட்ரோல் போடும்போது ஒருவன் வண்டிக் கண்ணாடியை இறக்கி 'உன் நாட்டுக்குப் போ' என்று கத்திவிட்டுப் போனான், என் மகள் பின் சீட்டில் இருந்தாள். இந்த நாட்டுக்காரர்கள் 1941-ல் எழுதியதற்கு நாம் ஏன் கணக்குத் தீர்க்க வேண்டும்? அந்த ஷரத்து நம்மையும் சேர்த்துத்தானே வெளியே நிறுத்தியது? நாமும் பாதிக்கப்பட்டவர்கள். குழு ஆரம்பிப்பதாக இருந்தால் நமக்கு நடப்பதைப் பற்றி ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து. ஓட்டுரிமை இல்லாத நாம் நகரசபையில் போய் உட்கார்ந்தால் நமக்கே வம்பாகுமோ என்ற பயமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

---

ஊருக்கு_வடக்கே எழுதியது:

நேர்ப்பேச்சு அண்ணா, உங்கள் மகள் முன்னால் நடந்ததைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. அந்தப் பயமும் உண்மைதான். விசாவில் இருப்பவரை முன்னால் நிறுத்தாமல் குடியுரிமை உள்ளவர்கள் முன்னால் போவது என்று குழு முடிவு செய்துகொள்ளலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஆனால் 'நாமும் பாதிக்கப்பட்டவர்கள்' என்பதோடு நின்றுவிட முடியாது. அந்தப் பத்திரத்தில் உள்ள 'காக்கேசிய' என்ற சொல்லுக்கே நம்மோடு ஒரு கதை இருக்கிறது. பஞ்சாபிலிருந்து வந்து முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார், 1923-ல் தீர்ப்பு. அவர் தரப்பு வாதத்தில் ஒன்று என்ன தெரியுமா, நான் உயர்சாதி இந்து, சுத்த ஆரிய ரத்தம், அதனால் நானும் வெள்ளையன்தான் என்பது. அடைத்த கதவை இடிக்காமல் தன்னை மட்டும் உள்ளே விடச் சொன்னார். விடவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். கதவு 1946-ல் வருஷத்துக்கு 100 இந்தியர் என்ற அளவுக்குத் திறந்தது. 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகுதான் உங்களையும் என்னையும் போன்றவர்கள் வர முடிந்தது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம், 1965-ல் வாக்குரிமைச் சட்டம், அதே 1965 அக்டோபரில் குடியேற்றச் சட்டம். தெருவில் இறங்கி அடி வாங்கி, நாய்க்கடி வாங்கி அந்தக் காற்றை உண்டாக்கியவர்கள் கறுப்பின மக்கள். நாம் அதில் வந்து இறங்கினோம்.

இப்போது என் சொந்த விஷயம். நான் வட ஆர்க்காடு பக்கம், எங்கள் தெருவுக்குத் தனிப் பெயர் கிடையாது, காலனி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊர் வேறு, காலனி வேறு, நடுவில் ஒரு ஓடை. ஷரத்து எழுதிய பத்திரம் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். சென்னையில் வேலை கிடைத்து வீடு தேடியபோது 'சைவம் மட்டும்' என்ற பலகையைத் தாண்டி உள்ளே போனால் சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று மூன்றாவது கேள்விக்குள் வந்துவிடுவார்கள். ஒரு வீட்டில் அட்வான்ஸ் பணத்தை எண்ணி வாங்கிய அம்மா, அடுத்த நாள் காலையில் அதே கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கவரைக்கூட மாற்றவில்லை. அதனால் சகோதரி, உங்கள் தோழி 'வேலைக்காரர்கள் நீங்கலாக' என்ற இடத்தைத் தொட்டுப் பார்த்தார் என்று படித்ததும் எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தார். கொல்லைப்புறம் வழியாக மட்டும் உள்ளே போய் வேலை செய்துவிட்டு வந்தவர் அவர்.

அம்பேத்கர் 1946-ல் இங்கே கறுப்பின உரிமைக்காகப் போராடிய அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இங்கே கறுப்பின மக்கள் ஐ.நா. சபையில் முறையிட்டதைக் கேள்விப்பட்டு, அதன் பிரதி கிடைக்குமா, தீண்டப்படாத மக்களும் அதே வழியில் யோசிக்கிறார்கள் என்று கேட்டு. டுபாய்ஸ் பதில் போட்டார். இந்த இரண்டு விஷயத்தையும் சேர்த்துப் பார்த்தது நாம் இன்று புதிதாகச் செய்வதில்லை. நான் இருக்கும் சியாட்டிலில் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டை நகரச் சட்டத்தில் தடை செய்தார்கள். அன்றைக்கு எதிர்த்துப் பேச வந்தவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள்.

நீங்கள் 'எந்தப் பக்கம் போவது' என்று கேட்டதால் நேராகக் கேட்கிறேன். உங்கள் பதினான்கு பேரில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எத்தனை பேர்? உங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் வாடகை விளம்பரங்களை எடுத்துப் படியுங்கள். 'இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்', 'தமிழ்க் குடும்பம் விரும்பத்தக்கது', 'வெஜிடேரியன்' என்று எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். 1968 சட்டத்தில் சின்ன வீட்டுக்காரர்களுக்குச் சில விதிவிலக்கு உண்டு, ஆனால் விளம்பரத்தில் இனத்தையோ பிறந்த நாட்டையோ சொல்லி இவர்களுக்கு மட்டும் என்பதற்கு அவர்களுக்கும் விலக்கு கிடையாது. 1941 தாளை ரத்து செய்துவிட்டு அதே கையால் இதைத் தட்டச்சு செய்தால் என்ன பயன்?

---

ஸ்காபரோ_ஈஸ்ட் எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன், ஈழத்தவர். மேலே உள்ளதை எல்லாம் வாசித்துவிட்டு ஒன்று மட்டும் சொல்கிறேன், சொல்லைப் பற்றி. எங்கட ஆட்களிடம் கறுப்பினத்தவரைச் சொல்ல 'காப்பிலி' என்ற சொல் இருக்கிறது. பஸ்ஸில், கடையில், பிள்ளைகளுக்கு முன்னால் சர்வ சாதாரணமாகச் சொல்லுவோம், அது ஒரு இனப்பெயர்தானே என்று. அரபுக்காரர் வாயிலிருந்து போர்த்துக்கேயர் வாய்க்கு வந்து அவர்கள் மூலம் எங்களிடம் வந்த சொல் அது, அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து போரில் நிறுத்திய மனிதர்களின் வழிவந்தவர்கள் இன்றும் புத்தளம் பக்கம் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இதே சொல்லின் இன்னொரு வடிவத்தைச் சொன்னால் வழக்குப் போடலாம். நாங்கள் அதைச் சோற்றோடு பிசைந்து பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறோம்.

எங்கள் பெற்றோர் குழுவில் மூன்று வருஷம் முன்பு இதை மாற்றத் தொடங்கினோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வீட்டில் யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, அவருடைய பெயர் என்ன, கடைக்காரரா, டீச்சரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்பது. என் அம்மாவுக்கு 74 வயது. முதல் மாதம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது கீழ் வீட்டில் இருக்கும் ஜமைக்கா நாட்டு அம்மாவை 'மிஸஸ்' என்று தொடங்கிப் பெயர் சொல்லித்தான் கதைப்பார், இரண்டு பேரும் கறிவேப்பிலைக் கன்றைக் குளிருக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று சண்டை பிடிப்பார்கள்.

2010-ல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்து இறங்கியபோது இந்த நாடு எங்களைப் பற்றி என்னவெல்லாம் சொன்னது என்று எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பயங்கரவாதி என்றார்கள், வரிசை தாண்டி வந்தவர்கள் என்றார்கள். பிள்ளைகளோடு இருந்தவர்களையும் தடுத்து வைத்தார்கள். அந்த ஞாபகம் இருக்கிறவர்கள் இன்னொருத்தரைப் பற்றி அப்படி ஒரு சொல்லை எப்படி வாயில் வைத்திருக்கலாம் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

---

மிசிசிப்பிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

ஊருக்கு_வடக்கே, நீங்கள் எழுதியதை ஞாயிற்றுக்கிழமை குழுவில் அப்படியே வாசித்தேன், உங்கள் பெயர் இங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே சொன்னேன். கவர் விஷயத்துக்கு வந்ததும் என் குரல் போய்விட்டது, பக்கத்தில் இருந்தவர் வாங்கித் தொடர்ந்து வாசித்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாட்ஸாப்பைத் திறந்து எண்ணினோம். ஆறு மாதத்தில் 31 வாடகை விளம்பரம், அதில் 19-ல் ஏதோ ஒரு விதத்தில் 'நம்மவர்களுக்கு'. பதினான்கு பேரில் நாலு பேருக்கு வாடகை வீடு இருக்கிறது. மூன்று விளம்பரம் எங்களுடையது. அதில் ஒன்று என் கணவர் போட்டது, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தது.

சண்டை நடந்தது, மறைக்கவில்லை. சமையல் வாசனை ஒத்துப்போகும், பண்டிகை ஒத்துப்போகும், அதனால்தான் போட்டோம், யாரையும் வெறுத்து இல்லை என்று ஒருவர் சொன்னார். 1941-ல் கையெழுத்துப் போட்டவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்றாள் அந்தப் பத்திரத்துத் தோழி. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வருவாரா தெரியாது, நான் போன் செய்து பேசினேன், வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேர்ப்பேச்சு அண்ணா, உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பதில் இல்லை. எங்கள் குழுவிலும் விசாவில் இருப்பவர்கள் ஐந்து பேர். நகரசபைக்குக் குடியுரிமை உள்ள ஆறு பேர் போகிறோம், மற்றவர்கள் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் மகளுக்கு நடந்ததைப் பற்றிப் பேசவும் ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறோம். முடிந்தால் வீடியோவில் வாருங்கள்.

எங்கள் விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம், வாட்ஸாப்பில் இல்லை, எல்லோரும் பார்க்கும் இடத்தில். மூன்று படுக்கையறை, பள்ளி நடக்கும் தூரம், மாத வாடகை, எப்போது பார்க்க வரலாம், அவ்வளவுதான் எழுதியிருக்கிறோம். முதலில் யார் தகுதியோடு விண்ணப்பிக்கிறார்களோ அவர்களுக்கு என்று முன்கூட்டியே தேதி, நேரம் குறித்து வைக்க ஒரு நோட்டும் வாங்கியிருக்கிறேன், நாளைக்கு மனசு மாறி வேறு காரணம் தேடாமல் இருக்க. நேற்று மூன்று பேர் பார்க்க வந்தார்கள். அந்த நோட்டில் முதல் வரியில் இருப்பது ராண்டோவில் வளர்ந்த ஒரு அம்மாவின் மகன், பஸ் ஓட்டுநர், இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை காகிதங்கள் கொண்டுவருகிறார்.

பழைய_வில்லங்கம் அண்ணா, ரத்துப் படிவத்தில் 'சட்டபூர்வ விவரணை' என்ற கட்டத்தில் மனை எண் மட்டும் போதுமா, முழு வாசகமும் எழுத வேண்டுமா? தோழி கேட்கிறாள், திங்கட்கிழமை கவுண்டி அலுவலகம் போகிறாள்.

---

பழைய_வில்லங்கம் எழுதியது:

முழு வாசகமும் எழுதச் சொல்லுங்கள், பத்திரத்தில் இருப்பதை ஒரு எழுத்து மாறாமல். பதிவு எண்ணும் தேதியும் அந்தப் பழைய தாளின் மேல் மூலையில் இருக்கும், அதையும் குறித்துக்கொண்டு போகட்டும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிட வேண்டாம், நோட்டரி முன்னால்தான் போட வேண்டும்.